11,900 மணி நேரம் ஓடிய ஒரு கிரையோஸ்டாட்

சாம்பிளைக் கடுங்குளிரில் வைத்து அளக்கும் மெஷின்தான் கிரையோஸ்டாட். எங்கள் லேபில் இதன் பெயர் குருவி. உள்ளே இருக்கும் பல்ஸ் டியூப் கூலர் நொடிக்கு ஏறத்தாழ 1.4 முறை கீச், கீச் என்று கத்தும். இரவு பகல் கிடையாது, தீபாவளி லீவும் கிடையாது. நேற்றுக் காலை கம்ப்ரசரின் மீட்டரைப் பார்த்தேன், 11,900 மணியைத் தொட்டிருந்தது. வந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. “வாங்கலாமா அக்கா?” என்று இரண்டு லேப்களில் இருந்து கேட்டுவிட்டார்கள். ஆளுக்கொரு வாய்ஸ் நோட் அனுப்புவதை விட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வகை மெஷினை யாரிடம் வாங்கினாலும் நான் சொல்லும் குறைகளில் பாதியாவது இருக்கும். தவிர, சர்வீஸ் என்ஜினியர் அடுத்த மாதம் வர வேண்டியிருக்கிறது.

இது உலர் கிரையோஸ்டாட். அதாவது திரவ ஹீலியம் வாங்கி ஊற்ற வேண்டாம். வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி கம்ப்ரசரும் மூடிய குழாய்க்குள் சுற்றும் வாயுவும்தான். ஸ்விட்சைப் போட்டால் இரண்டு நாளில் உள்ளே 1.6 கெல்வின், அதாவது மைனஸ் 271.5 டிகிரி. நடுவில் 9 டெஸ்லா காந்தம் (டெஸ்லா என்பது காந்தப் புலத்தின் அலகு). பிரோஷரில் இந்த இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். இந்த ஒன்றரை வருடத்தில் நான் 9 டெஸ்லாவுக்குப் போனது இரண்டே தடவை, அதிலும் ஒன்று விருந்தினருக்குக் காட்ட. என் பிழைப்பு நடப்பது 3 முதல் 5 கெல்வினுக்குள், பெரும்பாலும் 10 மில்லிடெஸ்லாவுக்குள். அந்த மூலையில் குருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் அளப்பது ஒரு சாண்ட்விச். 4 மில்லிமீட்டர் சிலிக்கான் துண்டின் மேல் பெர்மல்லாய் என்கிற நிக்கல்–இரும்புக் கலவை சில நானோமீட்டர், அதன் மேல் 22 நானோமீட்டர் நயோபியம், மறுபடி பெர்மல்லாய், எல்லாவற்றுக்கும் மேலே இரும்பு–மாங்கனீசு. இந்தக் கடைசி அடுக்கு தனக்குக் கீழே இருக்கும் பெர்மல்லாயின் காந்தத் திசையை ஆணி அடித்தாற்போலப் பிடித்துக்கொள்ளும். அடியில் இருக்கும் பெர்மல்லாய் சுதந்திரப் பறவை. ஒரு மில்லிடெஸ்லா கொடுத்தால் போதும், திரும்பிவிடும். நயோபியம் தனியாகக் கட்டியாக இருந்தால் 9.2 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தி ஆகும், அதாவது மின்தடையே இல்லாமல் போய்விடும். இப்படி இழைத்து இரண்டு பக்கமும் காந்தத்தை ஒட்டியதில் என் சாம்பிளில் அது 4 கெல்வின் பக்கம் இறங்கிவிட்டது.

ஏன் இறங்குகிறது என்று என் தங்கை கேட்டபோது கோலாட்டத்தை வைத்துச் சொன்னேன். மீக்கடத்திக்குள் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து போகும், ஒன்றின் ஸ்பின், அதாவது அதற்குள் இருக்கும் குட்டிக் காந்த முள், மேல்நோக்கி, மற்றதன் ஸ்பின் கீழ்நோக்கி. கோலாட்ட ஜோடி எதிரும் புதிருமாக நிற்பதுபோல. இரும்பு, கோபால்ட் மாதிரியான ஃபெர்ரோகாந்தம் ஒரு போலீஸ் அணிவகுப்பு மைதானம். அங்கே எல்லோரும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். கோலாட்ட ஜோடி எல்லை தாண்டி மைதானத்தில் கால் வைத்தால் நாலடிக்குள் பிரித்துவிடுவார்கள். செம்புக்குள் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் உலாவிவிட்டு வரும் அதே ஜோடி, கோபால்ட்டுக்குள் சில நானோமீட்டர்தான் தாங்கும். மீக்கடத்தலும் காந்தமும் ஒரே பொருளுக்குள் சேர்ந்து இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சோவியத் இயற்பியலாளர் கின்ஸ்பர்க் 1956-லேயே எழுதிவிட்டார். ஒரே பொருளுக்குள் முடியாததை அடுக்கடுக்காக வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் துறையின் மொத்த விளையாட்டு.

பிரிவதற்கு முன்னால் அந்த ஜோடி ஒரு வேடிக்கையும் செய்யும். மைதானத்துக்குள் ஒருவருக்கு வேகம் கூடிவிடும், மற்றவருக்குக் குறைந்துவிடும். அதனால் ஜோடியின் அலை தேய்ந்துகொண்டே பிளஸ், மைனஸ், பிளஸ் என்று மாறும். இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே வைத்த காந்த அடுக்கின் தடிமனைச் சரியாகப் பிடித்தால், இரண்டு பக்க மீக்கடத்திகளும் எதிர்க் குறியில் வந்து நிற்கும். இதற்குப் பெயர் பை சந்தி. பூஸ்தினும் கூட்டாளிகளும் 1982-ல் கணக்கில் சொன்னதை, 2001-ல் ரஷ்யாவின் செர்னோகொலோவ்காவில் ரியாஸனோவ் குழு செம்பு–நிக்கல் கலவையை நடுவில் வைத்து அளந்தது. குளிரக் குளிரத் தாங்கும் மின்னோட்டம் கூட வேண்டும். அவர்களுடைய படத்தில் அது குறைந்து, பூஜ்யத்தைத் தொட்டு, மறுபடி ஏறும். அந்தப் படத்தை பிரிண்ட் எடுத்து என் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

என் சாம்பிளின் கதை இன்னும் எளிது. மேலும் கீழும் இருக்கும் காந்தங்கள் ஒரே திசையில் இருந்தால் நடுவிலுள்ள ஜோடிகளுக்கு இரட்டை அடி, மீக்கடத்தல் சற்றுக் கீழே இறங்கும். எதிரெதிராக இருந்தால் இரண்டு உத்தரவும் ஓரளவு கழிந்துவிடும், அதனால் சற்று மேலே ஏறும். ஆக, ஒரு சின்னக் காந்தப் புலத்தால் மீக்கடத்தலையே திறந்து மூடலாம். இந்த ஸ்பின் வால்வு யோசனை 1999-ல் இரண்டு இடங்களில் தனித்தனியாக வந்தது. 2002-ல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் முதலில் பார்த்தார்கள். வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 6 மில்லிகெல்வின். ஒரு டிகிரியை ஆயிரமாகப் பிரித்து அதில் ஆறு.

கிரையோஸ்டாட்டை எதை வைத்து மார்க் போட வேண்டும் என்பது இப்போது புரிந்திருக்கும்.

முதல் பாடம் வெப்பநிலை. என் சாம்பிளின் மின்தடை 50 மில்லிகெல்வின் அகலத்துக்குள் பூஜ்யத்திலிருந்து 12 ஓமுக்கு ஏறுகிறது. நடுவில் நிறுத்தினால் ஒவ்வொரு மில்லிகெல்வினுக்கும் கால் ஓம். நான் தேடும் வால்வு விளைவு 8 மில்லிகெல்வின், அதாவது 2 ஓம். குருவி வந்த புதிதில், கம்பெனி போட்டுக் கொடுத்த செட்டிங்கில், பத்து நிமிடத்தில் 3 மில்லிகெல்வின் நகர்ந்தது. திரையில் மட்டும் 4.000 என்று கல்வெட்டாக நின்றது. காரணம், அவர்கள் வைத்த தெர்மாமீட்டர் சாம்பிள் அருகில் இல்லை, ஒரு சாண் கீழே வாயு உள்ளே வரும் இடத்தில் இருக்கிறது. அது நிலையாக இருப்பது உண்மைதான், என் சாம்பிள்தான் அங்கே இல்லை.

இதை நாங்களே சரிசெய்தோம். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் செம்பு வெட்டி, அதன் முதுகில் இரண்டாவது தெர்மாமீட்டரை வார்னிஷ் வைத்து ஒட்டினோம். சாம்பிளுக்கு அடியில் கடுகளவு அபீசான் கிரீஸ். கடுகளவு என்றால் கடுகளவுதான். கூடப் போனால் குளிரும்போது விரிசல் விட்டுச் சாம்பிள் கழன்று வரும், எனக்கு ஒன்று போய்விட்டது. தெர்மாமீட்டர் வயர்களையும் அதே செம்பில் நாலு சுற்றுச் சுற்றி ஒட்ட வேண்டும், இல்லையென்றால் மேலிருந்து வயர் வழியாக வரும் சூட்டைத்தான் அது காட்டும். இதற்கப்புறம் அரை மணி நேரம் அரை மில்லிகெல்வினுக்குள் நிற்கிறது. நிற்கும்போது அருமையான மெஷின். ஆனால் இவ்வளவு விலை கொடுத்தபின் இந்த வேலையை நாம் செய்ய வேண்டுமா?

இரண்டாவது பாடத்தில் மூன்று வாரம் போனது. நான் கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய கதை இது. புலத்தைப் பிளஸ் 10 மில்லிடெஸ்லாவிலிருந்து மைனஸ் 10 வரை கொண்டுபோய்த் திரும்பினால் மின்தடை ஒரு வளையம் போடும். அடியில் இருக்கும் பெர்மல்லாய் சுதந்திரமானது என்பதால் அதன் பங்கு பூஜ்யத்தைச் சுற்றிச் சமமாக இருக்க வேண்டும். எனக்கு 3 மில்லிடெஸ்லா தள்ளி வந்தது. நயோபியத்தின் வழியாகவே மேல் காந்தம் கீழ் காந்தத்தைப் பிடித்து இழுக்கிறது என்று நினைத்துவிட்டேன். இரவு ஒரு மணிக்கு கைடுக்கு மெயில் போட்டேன். “காங்கிராட்ஸ், எதற்கும் இன்னொரு தடவை மறுபக்கத்திலிருந்து வந்து பார்” என்று பதில் வந்தது. பெரிய மைனஸ் புலத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். அதே 3 மில்லிடெஸ்லா, இந்தத் தடவை எதிர்ப்பக்கம்.

குற்றவாளி என் சாம்பிள் இல்லை. குருவியின் 9 டெஸ்லா காந்தமும் ஒரு மீக்கடத்திதான், நயோபியம்–டைட்டானியம் கம்பிச் சுருள். பெரிய புலத்துக்குப் போய் வந்தால் அந்தக் கம்பிக்குள் காந்தப் புலத்தைச் சுமக்கும் குட்டி மின்னோட்டச் சுழல்கள் மாட்டிக்கொள்ளும். பவர் சப்ளை பூஜ்யம் என்று காட்டினாலும் உள்ளே சில மில்லிடெஸ்லா மிச்சம் இருக்கும். 9 டெஸ்லாவை வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இது தூசு. ஒரு மில்லிடெஸ்லாவில் திரும்பும் பெர்மல்லாய்க்கு இது மலை. மீக்கடத்திக்கும் காந்தத்துக்கும் உள்ள சண்டையை அளக்கப் போய், அளக்கும் மெஷினுக்குள்ளேயே அதே சண்டை நடப்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. மேனுவலில் இது இருக்கிறதா என்று தேடினேன். பின்னிணைப்பில் ஒன்றரை வரி இருக்கிறது.

இதற்கும் வழி உண்டு. சாம்பிள் பக்கத்தில் காந்தப் புலத்தை அளக்கும் ஒரு ஹால் சென்சார் ஒட்டினேன், இனி திரையை நம்புவதில்லை. பெரிய புலத்துக்குப் போனால் 1 டெஸ்லா, மைனஸ் 0.7, பிளஸ் 0.5 என்று ஊஞ்சல் நிற்பதுபோலக் குறைத்துக் குறைத்து இறங்க வேண்டும். அதைவிட நல்ல வழி, பெரிய பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு மேஜையில் கிடக்கும் 1 ஆம்பியர் கரண்ட் சோர்ஸை மாட்டுவது. எங்கள் காந்தம் ஆம்பியருக்கு 0.1 டெஸ்லா கொடுக்கும், அதனால் எனக்கு அதுவே தாராளம். காந்தம் புதிதாகக் குளிர்ந்தபின் 100 மில்லிடெஸ்லாவை ஒருமுறைகூடத் தாண்டாமல் இருந்தால் மிச்சப் புலம் தலைகாட்டுவதில்லை. இதற்காக “9 டெஸ்லா வேண்டுவோர் வெள்ளிக்கிழமை மட்டும்” என்று கதவில் ஒட்டியிருக்கிறேன். திட்டு வாங்கினேன். பரவாயில்லை.

பூஜ்யம் எங்கே என்று தெரியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகும். பெர்மல்லாயின் காந்தம் திரும்பும் அந்தக் கணத்தில் அது வெவ்வேறு திசை பார்க்கும் பல துண்டுகளாக உடையும். துண்டுகளின் எல்லைச் சுவர்களிலிருந்து புலம் கசிந்து நயோபியத்தைக் குத்தும், மின்தடை எகிறும். பார்ப்பதற்கு வால்வு மாதிரியே இருக்கும், ஆனால் வால்வு இல்லை. உண்மையான வால்வில் எதிரெதிர் நிலை இருக்கும்வரை மின்தடை தாழ்ந்து சமதளமாக நிற்கும். கசிவு ஒரு கூர்மையான முள்ளோடு முடிந்துவிடும். சாம்பிளின் சாய்வும் இதே மாதிரி ஏமாற்றும். மேல் அடுக்கையும் திருப்ப 100 மில்லிடெஸ்லா வரை போகும்போது, சாம்பிள் ஒரு டிகிரி சாய்ந்திருந்தால் 1.7 மில்லிடெஸ்லா செங்குத்தாக உள்ளே நுழையும். என் நயோபியத்துக்கு அது ஏறத்தாழ 4 மில்லிகெல்வின். நான் தேடும் விளைவில் பாதி! குருவியோடு வந்த சாம்பிள் மேடை ஒரு டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தது. விசிட்டிங் கார்டு மெல்லிசுக்கு ஒரு பித்தளைத் தகடு செருகியிருக்கிறேன்.

இனி தண்ணீர். கம்ப்ரசர் தள்ளும் 7 கிலோவாட் சூட்டைச் சில்லர் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். எல்லாம் சேர்த்து 10 கிலோவாட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 240 யூனிட். மின்கட்டணம் கட்டுகிறவர்கள் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். போன மே மாதம், கத்திரி வெயிலில், மொட்டை மாடிச் சில்லர் மூச்சு முட்டி நின்றது. யாரோ ஆர்.ஓ. தண்ணீருக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். ஃபில்டரைத் திறந்தால் வெந்நீர் அண்டாவில் ஒட்டுவதுபோல வெள்ளை உப்பு. கம்ப்ரசர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. ஒரு எஸ்.எம்.எஸ். கிடையாது, ஒரு சைரன் கிடையாது. ஹீலியம் பிளாண்டில் இருக்கும் அண்ணன்தான் வராண்டாவில் நடந்து போகும்போது கவனித்து போன் செய்தார்.

“ஏம்மா, உன் குருவி கத்தலையே?”

நான் போய்ப் பார்க்கும்போது காந்தம் 60 கெல்வின். திரும்பக் குளிரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இப்போது முந்நூறு ரூபாய் சென்சார் ஒன்று தண்ணீர்க் குழாயில் மாட்டி, சூடு ஏறினால் என் போனுக்கு மெசேஜ் வருகிறது. இதை அவர்களே ஏன் வைத்து விற்கவில்லை என்று புரியவில்லை. அதேபோல, மென்பொருள் முழு அளவீடும் முடிந்தபிறகுதான் கோப்பைச் சேமிக்கும். விடியற்காலை மூன்று மணிக்குக் கணினி தானாக அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆனால் ஏழு மணி நேர டேட்டா போச்சு. போனது.

ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்து, காற்று உள்ளே போய், ஊசி வால்வில் உறைந்து அடைத்துக்கொண்ட கதையும் உண்டு. அது என் தலைமுடி என்பதால் மெஷினைக் குறை சொல்லவில்லை.

பழைய முறையோடு ஒப்பிட்டால்? நான் சேர்ந்த புதிதில் 100 லிட்டர் டிவார்தான், அதாவது திரவ ஹீலியம் வைக்கும் பெரிய ஃபிளாஸ்க். திரவ ஹீலியத்துக்கு மேலே ஒரு நீளக் குழாயில் சாம்பிளைத் தொங்கவிட்டு, கையால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறக்குவோம். குளிர் ஆழத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். சத்தம் கிடையாது, அதிர்வு கிடையாது, மிச்சப் புலம் கிடையாது, தெர்மாமீட்டரும் சாம்பிளும் ஒரே குளத்தில். குருவியில் வயர்கள் கூலரின் தாளத்துக்கு ஆடி 1.4 ஹெர்ட்ஸில் ஒரு முனகல் வரும், அதைத் தாண்ட வேறு அதிர்வெண்ணில் அளக்க வேண்டும். டிவாரில் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஹீலியம் வேண்டுமே! ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 750 லிட்டர் வாயு. பலூன் பையில் பிடிக்காமல் விட்டது போனதுதான். 1868 ஆகஸ்ட் 18-ல் சூரிய கிரகணம் பார்க்க அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்கும் மசூலிப்பட்டணத்துக்கும் வந்தவர்கள் கண்ட மஞ்சள் கோடுதான் பிற்பாடு ஹீலியம் என்று பெயர் வாங்கியது. கண்ணில் பட்டது இந்தப் பக்கம். சிலிண்டர் மட்டும் கப்பலில்தான் வருகிறது.

குருவிக்கு நான் முழு மார்க் கொடுக்கும் ஒரு வேலை இருக்கிறது. என் ஜூனியர் ஹோல்மியம் என்ற உலோகத்தின் அடுக்குகளோடு வேலை செய்கிறாள். ஹோல்மியத்தில் காந்தத் திசை அணு அடுக்குக்கு அடுக்கு சுழல் படிக்கட்டு போலத் திரும்பும், 132 கெல்வினுக்குக் கீழே. கோலாட்ட ஜோடி இந்தப் படிக்கட்டு வழியாக இறங்கினால் இருவரும் ஒரே பக்கம் பார்த்தபடி மைதானத்துக்குள் நுழையலாம், போலீஸ்காரருக்குப் பிரிக்கக் காரணமே கிடைக்காது. இப்படி ஒரே ஸ்பின் கொண்ட ஜோடிகள் காந்தத்துக்குள் நெடுந்தூரம் போகும் என்று 2001-ல் பெர்கெரெட், வோல்கோவ், எஃபெடோவ் மூவரும் கணித்தார்கள். 2006-ல் குரோமியம் டைஆக்சைடு என்ற காந்தப் பொருளின் வழியாக மீமின்னோட்டம், அதாவது தடையில்லாத மின்னோட்டம், ஓடியது. 2010-ல் கேம்பிரிட்ஜில் இதே ஹோல்மியத்தை கோபால்ட்டுக்கு இருபுறமும் வைத்துக் காட்டினார்கள். சிக்கல் என்னவென்றால், குளிரில் ஒருமுறை பெரிய புலம் கொடுத்துவிட்டால் ஹோல்மியத்தின் படிக்கட்டு நேராகிவிடும், பழையபடி திரும்பாது. 132-க்கு மேலே சூடாக்கி மறுபடி இறக்க வேண்டும். டிவார் காலத்தில் இதற்கு எத்தனை லிட்டர் ஆகும் என்று கணக்குப் போட்டு, ஒரு சாம்பிளுக்கு ஒரு தடவை என்று ரேஷன் வைத்திருந்தோம். குருவியில் மாலை ஆறு மணிக்கு சாம்பிள் மட்டும் சூடாகி, நள்ளிரவுக்குள் திரும்ப 4 கெல்வினுக்கு வந்துவிடும், காந்தம் குளிர்ந்தபடியே இருக்கும். அவள் பதினெட்டு தடவை செய்துவிட்டாள். நான் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

விலையைக் கேட்கிறவர்களுக்கு: எங்கள் ஊரில் இரண்டு மாடி வீடு கட்டி, கிரகப்பிரவேசமும் நடத்தலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அந்த மூன்றரையில் ஒன்று, நாங்கள் சேர்த்த செம்பு, ஹால் சென்சார், பித்தளைத் தகடு, தண்ணீர் சென்சார் ஆகியவற்றுக்கு. ஹோல்மியம் மாதிரி சூடாக்கிக் குளிரவைக்கும் வேலை என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். என்னைப்போல மில்லிகெல்வினும் மில்லிடெஸ்லாவும் எண்ணுகிறவர்கள், ஆர்டர் போடுவதற்கு முன்னால் விற்பனையாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: தெர்மாமீட்டர் சாம்பிளிலிருந்து எத்தனை சென்டிமீட்டர்? 1 டெஸ்லாவுக்குப் போய்த் திரும்பினால் பூஜ்யத்தில் எவ்வளவு மிச்சம்? என்னிடம் விற்றவருக்கு முதல் கேள்விக்கே ஹெட் ஆபீஸுக்கு போன் போட வேண்டியிருந்திருக்கும். நான் கேட்கவில்லை.

பழைய டிவாரை இன்னும் தூக்கிப் போடவில்லை. எட்டு மில்லிகெல்வினைக் குருவியில் பார்த்தபின், அதே சாம்பிளை அதில் இறக்கி ஒரு தடவை சரிபார்த்தேன். பிளாண்ட் அண்ணன் 30 லிட்டர் ஒதுக்கிக் கொடுத்தார். ஏழரை வந்தது.